அவசர கருத்தடை மாத்திரை போட்ட பிறகு சளி மாத்திரை போடலாமா?

அவசர கருத்தடை மாத்திரை போட்டு ஒரு நாள்கூட ஆகியிருக்காது. அதற்குள் மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும், தொண்டை கரகரக்கும், உடம்பு லேசாகச் சுடும். சளி மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் போடத் தயக்கம். இதைப் போட்டால் நேற்றுப் போட்ட மாத்திரை வேலை செய்யாமல் போய்விடுமோ? இந்தக் கேள்வியை வீட்டில் கேட்பது கஷ்டம். மருந்துக்கடையில் நாலு பேர் நிற்கும்போது கேட்பது அதைவிடக் கஷ்டம். அதனால் பேசாமல் காய்ச்சலோடு சுருண்டு படுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இன்னும் சிலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏற்கெனவே சளி மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பதால், அது முடியட்டும் என்று கருத்தடை மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார்கள். இதுதான் உண்மையிலேயே ஆபத்தான முடிவு.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போடலாம். மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கும் வழக்கமான சளி, இருமல், காய்ச்சல் மருந்துகள் அவசர கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைப்பதில்லை. முன்னால் போட்டாலும் சரி, பின்னால் போட்டாலும் சரி, ஒரே நேரத்தில் போட்டாலும் சரி.

ஆனால் 'போடலாம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தினால் பயம் முழுதாகப் போகாது. ஏன் போடலாம் என்று புரிந்துவிட்டால், நாளைக்கு வேறு ஏதோ மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு இதே கேள்வி வரும்போது எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியும். ஏனென்றால் சில மருந்துகள் இந்த மாத்திரையை நிஜமாகவே கெடுக்கும். அவை சளி மருந்துகள் அல்ல, அவ்வளவுதான்.

மாத்திரை உடம்புக்குள் செய்யும் வேலை

இப்போது அதிகம் புழக்கத்தில் இருக்கும் அவசர கருத்தடை மாத்திரைகள் இரண்டு வகை. ஒன்று லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. பழைய முறையில் 0.75 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, 12 மணி நேர இடைவெளியில். உடலுறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இன்னொன்று யூலிபிரிஸ்டல் அசிட்டேட், 30 மில்லிகிராம். 2009இல் ஐரோப்பாவிலும் 2010இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இதை 120 மணி நேரம் வரை, அதாவது ஐந்து நாள் வரை போடலாம். நீங்கள் போட்டது எது என்று பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். சில விஷயங்களில் இரண்டுக்கும் விதி வேறு.

மாதத்தில் ஒரு முறை சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியே வருகிறது. அப்படி வந்த முட்டை அதிகபட்சம் ஒரு நாள் தாங்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். அதனால் உறவு நடந்த அன்றைக்கே கரு உண்டாகிவிடும் என்றில்லை. விந்தணு வந்துவிட்டது, முட்டை இன்னும் வரவில்லை என்ற ஒரு இடைவெளி பல சமயம் இருக்கும். அந்த இடைவெளிதான் இந்த மாத்திரை வேலை செய்யும் களம்.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, எல்.எச். என்ற ஹார்மோனைத் திடீரென்று மளமளவெனச் சுரந்தால்தான் முட்டை வெளியே வரும். லெவோநார்ஜெஸ்ட்ரல் அந்தச் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது. முட்டை வர நாளாகும், அதற்குள் காத்திருந்த விந்தணுக்கள் அழிந்துவிடும். எல்.எச். ஏற ஆரம்பித்துவிட்டால் லெவோநார்ஜெஸ்ட்ரலுக்குப் பெரிதாக வேலை இல்லை. யூலிபிரிஸ்டல், ஏற ஆரம்பித்த பிறகும் அது உச்சத்தைத் தொடும் முன்புவரை தாக்குப்பிடிக்கும். சீக்கிரம் போடு, சீக்கிரம் போடு என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். முட்டை எந்த நேரம் கிளம்பும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது; மாத்திரை அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

1998இல் உலக சுகாதார நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வில் இந்த வேகத்தின் மதிப்பு நன்றாகத் தெரிந்தது. லெவோநார்ஜெஸ்ட்ரலை 24 மணி நேரத்துக்குள் போட்டவர்களிடம், உண்டாகியிருக்கக்கூடிய கர்ப்பங்களில் 95 சதவீதம் தடுக்கப்பட்டது. இரண்டாவது நாளில் அது 85 சதவீதமாகவும், மூன்றாவது நாளில் 58 சதவீதமாகவும் இறங்கியது. சளி குறையட்டும் என்று ஒரு நாள் காத்திருப்பதில் என்ன இழக்கிறோம் என்று இந்த எண்கள் சொல்லும்.

இது கருக்கலைப்பு மாத்திரை அல்ல. ஏற்கெனவே தங்கிவிட்ட கருவை இது ஒன்றும் செய்யாது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை ஒன்றின் குறிப்பேட்டைத் திருத்தி, கரு கருப்பையில் பதிவதை இது தடுப்பதில்லை என்று தெளிவாக்கியது.

நம் கேள்விக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். மாத்திரை வேலை செய்ய, அதிலிருக்கும் ஹார்மோன் போதுமான அளவு ரத்தத்தில் கலந்து, கொஞ்ச நாள் அங்கேயே இருக்க வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல் விழுங்கிய 2 மணி நேரம் போல ரத்தத்தில் உச்ச அளவைத் தொடும். அது பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். ஆக, சளி மருந்து கெடுக்குமா என்ற கேள்வியின் உண்மையான வடிவம் இது: ரத்தத்தில் இருக்கும் அந்த அளவை சளி மருந்து குறைக்குமா?

ஒரு மருந்து இன்னொரு மருந்தைக் கெடுப்பது எப்படி?

முதல் வழி வயிறு. விழுங்கிய மருந்து ரத்தத்தில் சேரும் முன்பே தடைபடலாம். வாந்தியாக வெளியே வந்துவிடலாம், அல்லது இன்னொரு மருந்து அதைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளலாம். விஷம் குடித்தவர்களுக்குக் கொடுக்கும் மருத்துவக் கரி அப்படிப்பட்டது.

இரண்டாவது வழி கல்லீரல். இதுதான் முக்கியமானது. ரத்தத்துக்குள் வரும் பெரும்பாலான மருந்துகளைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றுகிறது. உடைக்கும் வேலையைச் செய்பவை நொதிகள். லெவோநார்ஜெஸ்ட்ரலையும் யூலிபிரிஸ்டலையும் முக்கியமாக உடைப்பது சி.ஒய்.பி. 3ஏ4 என்ற நொதி. பெயரை நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் சில மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் கல்லீரல் இந்த நொதியை வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாகத் தயாரிக்கும். குளத்தில் ஒரு மதகு திறந்திருந்தால் தண்ணீர் மெல்ல வடியும். நாலு மதகையும் திறந்துவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிடும். அப்படித்தான் ஹார்மோனும், வேலையை முடிக்கும் முன்பே ரத்தத்தை விட்டு வெளியேறிவிடும்.

இந்த நொதிப் பெருக்கம் ஒரே மாத்திரையில் நடந்துவிடாது. பொதுவாகச் சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்களில் படிப்படியாக ஏறும். மருந்தை நிறுத்திய பிறகும் உடனே இறங்காது. பழைய நிலைக்குத் திரும்ப நாலு வாரம்வரை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி, இரண்டு மருந்துகளும் ஒரே இடத்தில் எதிரெதிராக வேலை செய்வது. யூலிபிரிஸ்டல் புரொஜெஸ்டிரான் ஹார்மோனின் ஏற்பிகளில், அதாவது அந்த ஹார்மோன் வந்து பொருந்த வேண்டிய இடங்களில், போய் உட்காருகிறது. அதே நாட்களில் புரொஜெஸ்டிரான் வகை ஹார்மோன் உள்ள வேறு மாத்திரை போட்டால், அது போட்டிக்கு வந்து யூலிபிரிஸ்டலின் பலனைக் குறைக்கலாம். அதனால்தான் யூலிபிரிஸ்டல் போட்டவர்கள், வழக்கமான கருத்தடை மாத்திரையை ஐந்து நாள் கழித்தே தொடங்க வேண்டும் என்கிறார்கள். யூலிபிரிஸ்டலும் லெவோநார்ஜெஸ்ட்ரலும் சேர்த்துப் போட்டால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்று நினைப்பதும் இதே காரணத்தால் தவறு.

சரி, சளி மருந்து இந்த மூன்றில் எந்த வழியிலாவது வருகிறதா என்று பார்ப்போம்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

சளி மாத்திரை அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அது நமக்கு ஒன்றும் சொல்லாது. பின்பக்கம், பளபளக்கும் வெள்ளித்தாளில், மாத்திரையைப் பிதுக்கியெடுத்த இடங்களில் கிழிந்தும் கசங்கியும், பொடி எழுத்தில் சில பெயர்கள் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க வரும். பாராசிட்டமால் 500 மி.கி., ஃபினைலெஃப்ரின் 10 மி.கி., குளோர்ஃபெனிரமின் 2 மி.கி. என்பதுபோல. ஒரு மாத்திரை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் மூன்று மருந்துகளின் கூட்டு.

பாராசிட்டமால் காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும். கல்லீரல் இதைப் பெரும்பாலும் வேறு பாதையில் உடைக்கிறது; நம் ஹார்மோனை உடைக்கும் நொதியை இது பெருக்குவதில்லை. குளோர்ஃபெனிரமின், செட்ரிசின், லெவோசெட்ரிசின், லோரட்டடின், டைஃபென்ஹைட்ரமின் எல்லாம் ஆன்டிஹிஸ்டமின்கள். தும்மலையும் மூக்கு ஒழுகுவதையும் நிறுத்தும், சில நன்றாகத் தூங்கவைக்கும். இவையும் ஹார்மோன் அளவைத் தொடுவதில்லை. ஃபினைலெஃப்ரினும் சூடோஎஃபெட்ரினும் மூக்கடைப்புக்கு. மூக்கினுள் இருக்கும் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதுதான் இவற்றின் வேலை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இவற்றில் கவனமாக இருக்க வேண்டும். கருத்தடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. (விழுங்கும் ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்பை நீக்குவதே இல்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு நவம்பரில் அதைச் சீட்டில்லாமல் விற்கும் மருந்துகளிலிருந்து எடுத்துவிடலாம் என்று நிர்வாகமே முன்மொழிந்தது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போட்டுப் பார்ப்பது எவ்வளவோ மேல்.)

இருமல் சிரப் பக்கம் வந்தால் வறட்டு இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், சளி இளகக் குவைஃபெனெசின் அல்லது அம்ப்ராக்சால். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனைக் கல்லீரலில் உடைப்பது முக்கியமாக வேறொரு நொதி. குவைஃபெனெசினைப் பற்றி மட்டும் ஒரு தனிப் பயம் உலவுகிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மருந்து நெஞ்சுச் சளியை இளக்குவதைப் போலவே கருப்பை வாயில் இருக்கும் சளியையும் இளக்கும், அதனால் விந்தணு எளிதில் உள்ளே போகும் என்று நம்பி, குழந்தைக்காக முயலும் சிலர் இருமல் சிரப் குடிப்பதுண்டு. இதைக் கேள்விப்பட்டவர்கள், 'ஐயோ, நான் சிரப் குடித்துவிட்டேனே' என்று பதறுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கே உறுதியான ஆதாரம் கிடையாது. அது உண்மையாகவே இருந்தாலும்கூட நம் மாத்திரையின் வேலை பாதிக்கப்படாது. மாத்திரை நம்பியிருப்பது முட்டை தள்ளிப்போவதை. முட்டையே வராத இடத்தில் சளி இளகினால் என்ன, கெட்டியானால் என்ன?

வைட்டமின் சி, துத்தநாக மாத்திரை, தொண்டைக்குச் சப்பும் மிட்டாய், மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, நெஞ்சில் தடவும் தைலம், ஆவி பிடிப்பது, இவற்றில் யோசிக்க எதுவும் இல்லை. சளிக்குக் காரணமான வைரஸோ காய்ச்சலோகூட மாத்திரையைக் கெடுப்பதில்லை.

இப்யூபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகளைப் பற்றித்தான் சுவையான ஒரு செய்தி இருக்கிறது. முட்டை வெளியே வரும்போது சினைப்பையின் மேல்சுவர் வெடிக்க வேண்டும். அதற்குப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் தேவை. வலிக்கும் வீக்கத்துக்கும் காரணமானதும் அதே பொருள்தான். இந்த வகை வலிநிவாரணிகள் அதைத்தான் தடுக்கின்றன. அப்படியானால் இவை கருத்தடை மாத்திரைக்குத் துணையாகக்கூட இருக்கலாமே என்று ஹாங்காங்கில் ஆராய்ச்சியாளர்கள் யோசித்தார்கள். பைராக்ஸிகாம் என்ற வலிநிவாரணியில் 40 மில்லிகிராமை லெவோநார்ஜெஸ்ட்ரலோடு சேர்த்து 418 பெண்களுக்கும், லெவோநார்ஜெஸ்ட்ரலோடு வெற்று மாத்திரையை இன்னொரு 418 பேருக்கும் கொடுத்தார்கள். முதல் குழுவில் ஒருவர் கருவுற்றார், இரண்டாவது குழுவில் ஏழு பேர். முடிவு 2023இல் லான்செட் இதழில் வெளியானது.

இதைப் படித்துவிட்டு யாரும் தானாகப் பைராக்ஸிகாம் வாங்கிப் போட வேண்டாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இந்த வகை மருந்து ஆபத்தாகலாம். இப்யூபுரூஃபனும் அதே பலனைத் தரும் என்று இந்த ஆய்வு காட்டவில்லை. தலைவலிக்கு ஒரு வலிநிவாரணி போட்டதால் கருத்தடை மாத்திரை வீணாகிவிட்டதோ என்று அழுதுகொண்டிருப்பவருக்கு ஆறுதலாகத்தான் இதைச் சொல்கிறேன்.

நிஜமாகவே கெடுக்கும் மருந்துகள்

கல்லீரலில் மதகுகளைத் திறந்துவிடும் மருந்துகளின் பட்டியல் சளி மருந்து அலமாரியில் இல்லை. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், ரிஃபாபியூட்டின். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாய்ன், கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், ஃபீனோபார்பிட்டால், பிரிமிடோன், டோபிரமேட். எச்.ஐ.வி.க்கான சில மருந்துகள். அவற்றில் எஃபாவிரென்ஸ், ரத்தத்தில் லெவோநார்ஜெஸ்ட்ரல் அளவைப் பாதியளவுக்குக் குறைத்துவிடும். பூஞ்சைத் தொற்றுக்கான கிரிசியோஃபுல்வின். அப்புறம், மனச்சோர்வுக்கு மூலிகை மாத்திரையாக விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மூலிகைதானே என்று இதை மட்டும் யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை, ஆனால் இந்தப் பட்டியலில் இருக்க முழுத் தகுதி உள்ளது இது.

இவற்றில் ஏதாவது ஒன்றை இப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ, கடந்த நாலு வாரத்துக்குள் நிறுத்தியிருந்தாலோ, உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரையையோ காசநோய் மாத்திரையையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதனால் வரும் ஆபத்து பெரியது. நொதி உடனே இறங்காது என்பதால் லாபமும் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் காப்பர் டி பொருத்திக்கொள்ளச் சொல்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல். அது முடியாவிட்டால் லெவோநார்ஜெஸ்ட்ரல் இரண்டு மடங்கு, அதாவது 3 மில்லிகிராம். யூலிபிரிஸ்டலை இவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. உறவுக்குப் பின் ஐந்து நாளுக்குள் பொருத்தும் காப்பர் டி, அவசர கருத்தடை முறைகளிலேயே பலன் மிக அதிகமானது. அது ரத்தத்தின் வழியாக வேலை செய்வதில்லை என்பதால் எந்த மாத்திரையாலும் அதைக் கெடுக்க முடியாது.

ஆன்டிபயாட்டிக் எல்லாமே கருத்தடை மாத்திரையைக் கெடுக்கும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் இங்கே சொல்லிவிடலாம். 1970களின் தொடக்கத்தில் ரிஃபாம்பிசின் சாப்பிட்ட பெண்களிடம் கருத்தடை மாத்திரை பொய்த்துப்போனது கவனத்துக்கு வந்தது. ஒரு மருந்தின் குற்றம் அந்த வகை முழுவதன் மேலும் விழுந்துவிட்டது. அமாக்ஸிசிலின், அசித்ரோமைசின் போன்றவை அவசர கருத்தடை மாத்திரையைப் பாதிப்பதில்லை. சாதாரண சளிக்கு ஆன்டிபயாட்டிக்கே தேவையில்லை என்பது வேறு விஷயம். சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும்.

கோவிட் உறுதியாகி, ரிட்டோனவிர் சேர்ந்த வைரஸ் எதிர்ப்பு மாத்திரை எழுதிக்கொடுத்தால், அவசர கருத்தடை மாத்திரை போட்டிருப்பதை அந்த மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். ரிட்டோனவிர் கல்லீரல் நொதிகளோடு விளையாடும் மருந்து. யூலிபிரிஸ்டல் போட்டவர்களுக்கு இன்னொரு சிறு குறிப்பு: வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் அது ரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கலாம். சளியோடு நெஞ்செரிச்சலும் இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கவனிக்க வேண்டியது வாந்தியை

மூன்று வழிகளில் முதலாவதைச் சொன்னேன் அல்லவா, வயிறு. சளி பிடித்தவர்கள் உண்மையில் கண்ணை வைத்திருக்க வேண்டியது இங்கேதான். கருத்தடை மாத்திரையே குமட்டலைக் கொடுக்கும். 1998 ஆய்வில் லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் குமட்டல் இருந்தது, சுமார் 6 சதவீதம் பேர் வாந்தி எடுத்தார்கள். இதோடு வெறும் வயிற்றில் இப்யூபுரூஃபன், இனிப்பான இருமல் சிரப், தொண்டையில் இறங்கும் சளி, விடாத இருமல் எல்லாம் சேர்ந்தால் வாந்தி வர வாய்ப்பு கூடும்.

எப்போது வாந்தி வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரவு 9 மணிக்கு மாத்திரை போட்டு, 10.45க்கு இருமி இருமி வாந்தி எடுத்துவிட்டார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. மாத்திரை முழுதாக ரத்தத்தில் சேர்ந்திருக்கும் என்று நம்ப முடியாது. இன்னொரு மாத்திரை, முடிந்தவரை சீக்கிரம் போட்டாக வேண்டும். அதே ஆள் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கோ மறுநாள் காலையிலோ வாந்தி எடுத்தால் கவலையில்லை. சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. லெவோநார்ஜெஸ்ட்ரலுக்குச் சில வழிகாட்டுதல்கள் 2 மணி நேரம் என்கின்றன, சில 3 மணி நேரம் என்கின்றன. யூலிபிரிஸ்டலுக்கு 3. எதைப் போட்டிருந்தாலும் 3 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் நான் சொல்வது இதுதான். கருத்தடை மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள், ஆனால் சளி மருந்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். மாத்திரை போட்ட முதல் மூன்று மணி நேரம் வயிற்றைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டு, அப்புறம் ஏதாவது சாப்பிட்டுவிட்டுச் சளி மருந்தைப் போடுங்கள். இது கட்டாயமில்லை. காய்ச்சல் கொளுத்துகிறது என்றால் பாராசிட்டமாலை உடனேயே போடலாம்.

உடம்பு அசதி எதனால்?

தலைவலி, தலைச்சுற்றல், அசதி, குமட்டல் எல்லாம் லெவோநார்ஜெஸ்ட்ரலின் பக்கவிளைவுகள். இவை அத்தனையும் சளிக் காய்ச்சலின் அறிகுறிகளும்தான். ஆன்டிஹிஸ்டமினின் மந்தமும் சேர்ந்துகொண்டால் எது எதனால் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை போட்டுவிட்டு வண்டி மட்டும் ஓட்ட வேண்டாம். மார்பு கனத்து வலித்தால், அடிவயிறு லேசாக இழுத்துப் பிடித்தால், இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் ரத்தக்கசிவு இருந்தால், அது கருத்தடை மாத்திரையின் வேலை. சளி மருந்தின் மேல் சந்தேகப்பட வேண்டாம்.

சளி மருந்தில் நிஜமான ஆபத்து ஒன்று உண்டு, அது கருத்தடையோடு தொடர்பில்லாதது. கூட்டு மாத்திரையில் பாராசிட்டமால் இருப்பது தெரியாமல், காய்ச்சலுக்கென்று தனியாகவும் பாராசிட்டமால் போடுவது. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டு. எடை குறைவானவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. மூன்று வேளை கூட்டு மாத்திரை, நடுவில் தலைவலிக்கு இரண்டு, ராத்திரி காய்ச்சலுக்கு இரண்டு என்று போனால் எண்ணிக்கை ஏழைத் தொட்டுவிடுகிறது. சளியே தலையை மந்தமாக்கும் நேரத்தில் எண்ணிக்கை தப்புவது சுலபம். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பால் கொடுக்கும் தாய்மார்கள் லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்ட பிறகும் பால் கொடுக்கலாம். யூலிபிரிஸ்டல் போட்டால் ஒரு வாரம் கொடுக்க வேண்டாம் என்கிறது ஐரோப்பியக் குறிப்பேடு. அந்த நாட்களில் பாலைப் பீய்ச்சி எடுத்துவிட வேண்டும். சளி மருந்துகளில் சூடோஎஃபெட்ரின் பால் சுரப்பைக் குறைக்கக்கூடியது, அதைத் தவிர்த்துவிடலாம்.

அடுத்த சில வாரங்கள்

சளி மருந்தை நினைத்து இவ்வளவு கவலைப்படுபவர்கள், அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றைக் கவனிக்காமல் விடுவதுண்டு. மாத்திரை முட்டையைத் தள்ளித்தான் போட்டிருக்கிறது, நிறுத்தவில்லை. சில நாள் கழித்து அது வரும். மாத்திரை போட்ட பிறகு, அதே மாதத்தில் பாதுகாப்பில்லாமல் மறுபடி உறவு வைத்தால், போட்ட மாத்திரை அதற்குக் காவல் நிற்காது. முன்பைவிட ஆபத்து கூடுதலாகக்கூட இருக்கலாம். லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்டவர்கள் வழக்கமான கருத்தடை மாத்திரையை உடனே தொடங்கலாம், ஆனால் பெரும்பாலானவற்றில் முதல் ஏழு நாள் ஆணுறை தேவை. அடுத்த மாதவிடாய் வரும்வரையாவது ஆணுறையை விடாமல் இருப்பது இன்னும் நல்லது.

மாதவிடாய் சில நாள் முன்னதாக வரலாம், சில நாள் தள்ளியும் வரலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனாலோ, வழக்கத்துக்கு மாறாக மிகக் குறைவாக இருந்தாலோ பரிசோதனை செய்துபாருங்கள். உறவு நடந்து மூன்று வாரம் கழித்துச் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவை நம்பலாம். வழக்கமான சளி மருந்துகள் அந்த முடிவை மாற்றுவதில்லை. சில இருமல் சிரப்புகளில் இருக்கும் புரோமெதசீன் மட்டும் விலக்கு. சில வகைக் கர்ப்பப் பரிசோதனைகளில் அது தவறான முடிவைக் காட்டக்கூடும் என்று அதன் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. அந்தச் சிரப்பைக் குடித்துக்கொண்டிருக்கும்போது பரிசோதித்து, முடிவில் சந்தேகம் இருந்தால், மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ, மூச்சுத் திணறல் வந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும், அது சளியின் கணக்கு. மாத்திரை போட்டு மூன்றிலிருந்து ஐந்து வாரத்துக்குள் அடிவயிற்றில், குறிப்பாக ஒரு பக்கமாக, கடுமையான வலி வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. மாத்திரையால் அது வருவதில்லை. ஆனால் மாத்திரை பொய்த்துப்போன சிலரில் அப்படியும் நடக்கலாம். அங்கே எந்த மாத்திரை, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, கூடவே என்னென்ன சளி மருந்து என்று ஒன்றும் மறைக்காமல் சொல்லுங்கள். அட்டையின் பின்பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்திருந்தால் அதையே காட்டலாம்.